நீர்க்காகத்தின் காலி வயிறு

யோருனுக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் மீன் ஆலையில் நின்றபடியே மீன் அறுத்தவள். பக்கத்து மேசையில் நின்றவள் என் அம்மா. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆலையை மூடி இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு ஏற்றிய அன்று, யோருன் லாரியை மறித்து, அறுக்கும் தகடுகளில் ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டாள். மாலை வகுப்புக்குப் போய் வெல்டிங் கற்றாள். படகுக் கொட்டகை பட்டறையானது. அப்புறம் பதினோரு வருஷம் இரும்புப் பறவைச் சிலைகள்தான். படகு எஞ்சினின் பிஸ்டன் உடம்பு, தகட்டு இறகு, பாட்டில் கண்ணாடியில் கண்.

இந்த வருஷம் துறைமுகக் குழு ஆளுயர நீர்க்காகம் ஒன்று கேட்டது. கோடை விழாவில் தீ மூட்டும் நாளில் படகுத் துறையில் நிறுத்தவேண்டும்.

"இதோட கடைய மூடுறேன்" என்றாள் யோருன். வலது தோள் போய்விட்டது. காபிக் கெட்டிலைத் தூக்கக்கூட இடது கைதான்.

நீர்க்காகத்தின் வயிற்றைக் கம்பிக் கூடாகத்தான் செய்திருந்தாள். ஒருநாள் அவள் தோழி ஹால்டிஸ், துண்டில் சுற்றி ஒரு கண்ணாடி மிதவை கொண்டுவந்தாள். வலைகளில் கட்டுகிற பச்சை உருண்டை. அவள் அண்ணன் எய்லிஃபின் படகு மூழ்கியபோது கரைக்கு வந்தது அது ஒன்றுதான். கடலின் அழுத்தத்தில் எப்படியோ உள்ளே புகுந்த ஒரு கரண்டி நீர், சாய்த்தால் ஓடும்.

"வயித்துல இத வை. நாப்பத்தஞ்சு வருஷம் என் ஜன்னல்ல இருந்தான். எனக்கப்புறம் எவனாவது தூக்கிக் குப்பையில போடுவான்."

"உடைஞ்சா என்ன பண்றது?"

"கடலே உடைக்கல. நீ உடைச்சுடுவியாக்கும்! பெரிய பலசாலி."

கண்ணாடி உள்ளே போனபின் பக்கத்தில் நெருப்பு கூடாது என்பது யோருன் வைத்திருந்த விதி. ரப்பர் துண்டுகள்மேல் கண்ணாடியை உட்காரவைத்து, கடைசிக் கம்பியை போல்ட் போட்டு மூடுவதாக ஹால்டிஸிடம் சொல்லியிருந்தாள்.

விழாவுக்கு முந்தின நாள், கம்பியின் துளைகள் ஒரு விரல் அகலம் விலகி நின்றன. மறுபடி துளைபோட, கனத்த துளைக்கருவியைத் தூக்கிப் பிடித்து அரை நாள் நிற்கவேண்டும். கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடித்தாள். இரண்டே புள்ளி வெல்டிங் போதும் என்று தோன்றியது. ஈரக் கம்பளிச் சட்டையால் மிதவையைப் போர்த்தி, முகமூடியை இறக்கினாள்.

முதல் புள்ளி ஒட்டியது. இரண்டாவதில் 'டிக்' என்றது. அவ்வளவுதான் சத்தம். சட்டையை விலக்கும்போதே விரிசலில் கசிந்த நீர் சூடான கம்பியில் 'சுர்' என்று ஆவியானது.

இதே பச்சையில் இன்னொரு மிதவை கிடைக்காமல் இல்லை. துறைமுகக் குழுவின் ஆர்ன்ட் வீட்டில் நாலைந்து தொங்குகின்றன. "பொய் சொல்றதுக்கும் தெம்பு வேணும்டா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அன்றே ஹால்டிஸுக்கு போன் செய்தாள்.

ஹால்டிஸ் வந்து குனிந்து பார்த்தாள்.

"தண்ணி?"

"காஞ்சுபோச்சு."

"போல்ட் போடுவேன்னுதானே சொன்ன?"

"தோள் வலிச்சுது, ஹால்டிஸ்."

"அப்ப வேற ஒருநாள் போட்டிருக்கலாமே."

யோருன் ஈரச் சட்டையை மடித்து மீன்பெட்டிமேல் வைத்தாள்.

"எடுத்துக் குடு. வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

ஒட்டிய இரண்டு புள்ளிகளையும் கிரைண்டரால் அறுக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் மூன்று முறை உட்கார்ந்தாள். ஹால்டிஸ் வாசலிலேயே நின்றாள். கம்பி விலகியதும் உடைந்து விழுந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கித் தன் துண்டில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் நீர்க்காகம் துறையில் நின்றது. "என்ன யோருன், உன் பறவைக்குச் சோறு போடலியா? வயிறு காலியா கெடக்கு. நான் ஒரு மிதவை தரட்டுமா?" என்றார் ஆர்ன்ட்.

"வேணாம், அப்படியே இருக்கட்டும்."

தீ மூட்டினார்கள். காபி மேசையில் அன்று ஹால்டிஸின் முறை. வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தவள் யோருனின் கோப்பையையும் நிரப்பினாள். முப்பது வருஷமாக ஒரே கெட்டிலில் குடித்தவர்கள்.

"சர்க்கரை போடவா?" என்று கேட்டாள், வெளியூர்க்காரியிடம் கேட்பதுபோல.

"வேணாம்" என்றாள் யோருன்.