அண்ணாமலை விட்டுக்கொடுத்த சீட்

'அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். உடனே கிளம்பி வா.'

இப்படி ஒரு போன் வந்தால் நீங்கள் என்ன புரிந்துகொள்வீர்கள்?

பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தால் நமக்கு உடனே புரிந்துவிடும். 'முடிஞ்சுடுச்சு போல... பாவம்' என்று அவர் காதில் விழாமல் பேசிக்கொள்வோம். அதே போன் நமக்கு வந்தால்? சீரியஸ் என்றால் சீரியஸ்தான். ஆஸ்பத்திரி, டிரிப்ஸ், டாக்டர்... அதற்குமேல் மனசு ஓர் அடி எடுத்து வைக்காது.

போன மாதம் வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் காலமானார். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் கடலையும் போட்டவர். மகன் வெளிநாட்டில் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் மனைவி காசியம்மாளோடு இருந்தார். விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஒரே மகன் அண்ணாமலை. சவுதியில் ஏசி மெக்கானிக். அவனுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை ஏழுமலை அண்ணனின் தம்பி பச்சையப்பன் எடுத்துக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மேலே நீங்கள் படித்த அதே வாக்கியத்தைச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லிடலாமே" என்றேன் நான். சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"நீ ஒண்ணும்மா... தனியா வரப்போற புள்ள. வழியில மயக்கம் கியக்கம் வந்தா யாரு பாக்கறது? வீட்டுக்கு வரட்டும். நாலு பேரு தாங்கிப் பிடிக்க இருக்கோம்."

எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கிறது. பிள்ளை வந்து வண்டியை விட்டு இறங்குவான். வாசலில் பந்தலைப் பார்ப்பான். அப்போதுதான் தெரியும். நாமும் தாங்கிப் பிடிப்போம். இதை நாம் ஏமாற்று என்று நினைப்பதே இல்லை. பாசம் என்றுதான் நினைக்கிறோம்.

அண்ணாமலை கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டான். நடுவழியில் வேறொரு வளைகுடா ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டும். இறங்கினான். அவ்வளவுதான்... அந்தப் பக்கத்தில் சண்டை வலுத்து, வானத்தையே மூடிவிட்டார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. விமான நிலையம் முழுக்க ஜனம், தரையில் படுத்துக் கிடக்கிறது என்றான் போனில்.

நம் ஊரிலும் அதே பேச்சுதான். ஆசிரமங்களுக்கு வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். 'எப்ப ஊருக்குப் போவீங்க?' என்று டீக்கடைக்காரர் கேட்டால் கையை விரித்தார்கள். மறுபடி கிரிவலமாக மலையைச் சுற்றி வந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்?

எதிர்வீட்டில் ஏழுமலை அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். மகன் வந்தால்தான் எடுப்பது என்று காசியம்மாள் சொல்லிவிட்டார். மகன் முகம் பார்க்க வேண்டும், மகன் கையால் கொள்ளி. அந்த அம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணாமலை மணிக்கொரு தரம் போன் செய்தான். பச்சையப்பன் ஐசியூ என்றார். யாரையும் உள்ளே விடவில்லை என்றார். 'அம்மாகிட்ட குடுங்க' என்று ஒருமுறை பிடிவாதம் பிடித்தான்.

வீட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுகையை நிறுத்தினோம். காசியம்மாள் பெட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு போனை வாங்கினார்.

"தூங்கறாருப்பா" என்றார். "நீ சாப்டியா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

மறுநாளும் வானம் திறக்கவில்லை. பையனின் குரல் உடைந்துகொண்டே வந்தது. பச்சையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் மகனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "இப்ப பரவால்லடா. கண்ணைத் தொறந்தாரு. வலி கம்மியாயிடுச்சு. நீ பதறாம வா" என்றார்.

எதிர்முனையில் அவன் விட்ட மூச்சு எங்களுக்கே கேட்டது.

அதற்கு அடுத்த நாள் போன் வந்தபோது எல்லோரும் கூடத்தில் இருந்தோம். பச்சையப்பன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சித்தப்பா, சென்னைக்கு ஒரு ஃபிளைட் விட்டாங்க. எனக்கு சீட்டு கிடைச்சுது. ஆனா இங்க ஒரு பொண்ணு... தென்காசிப் பக்கமாம், வீட்டு வேலைக்கு வந்த பொண்ணு. அவங்க அம்மா செத்துட்டாங்களாம். பாடிய வச்சிகினு இருக்காங்களாம். ரெண்டு நாளா பக்கத்துலயே அழுதுகினு இருந்துச்சு. வெயிட்டிங் லிஸ்டுல அதான் அடுத்த பேரு. எனக்குப் பதிலா அதை அனுப்புங்கன்னு சொல்லிட்டேன். நம்ம அப்பாவுக்குத்தான் பரவால்லையே, நான் ரெண்டு நாள் கழிச்சி வந்தா என்ன?"

காசியம்மாள் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா முழிச்சதும் சொல்லுங்க சித்தப்பா. கேட்டா சந்தோஷப்படுவாரு."

பச்சையப்பன் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். 'ஃபிளைட் கிளம்பிடுச்சா?' என்று யாரோ கேட்டார்கள். 'இப்பதான் ஏறிப் போச்சு' என்றான் அண்ணாமலை. 'இன்னா ஆச்சு? ஏன் எல்லாரும் பேசாம இருக்கீங்க?' என்றான்.

காசியம்மாள்தான் போனை எடுத்தார். ஸ்பீக்கரை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"அப்பா இல்லடா. நீ கிளம்பறதுக்கு முன்னாடியே போயிட்டாருடா."

அவன் எழுப்பிய சத்தத்தை எழுதப் போவதில்லை. அங்கே அவனைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இல்லை. எந்த நிமிஷத்தைத் தவிர்க்க நாங்கள் எல்லோரும் அவ்வளவு பாடுபட்டோமோ, அந்த நிமிஷம் அவனுக்கு அன்னிய தேசத்தில், முகம் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் வந்தது.

அடுத்த விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குமேல் உடம்பை வைத்திருக்கவும் முடியாது. அன்று சாயங்காலம் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் வீடியோ காலில் முகம் காட்டினார்கள். பெட்டியின் கண்ணாடி பனி படர்ந்து மங்கிக்கொண்டே இருந்தது. காசியம்மாள் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க மங்கியது. கடைசியில் மூடியையே திறக்கச் சொன்னார். பச்சையப்பன் கொள்ளி வைத்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மீது? சண்டை போடுகிறவர்கள்மீதா? பச்சையப்பன்மீதா? ஒருவன் எதைத் தாங்குவான், எதைத் தாங்கமாட்டான் என்று அவனுக்குப் பதிலாக நாமே முடிவு செய்துவிடுகிறோம். அவன் தன் சீட்டை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்று முடிவெடுக்கத் தேவையான ஒரே விஷயத்தை அவனிடமிருந்து எடுத்து ஒளித்து வைத்துவிட்டோம். இனி என் உயிர் உள்ளவரை எவருக்கும் 'சீரியஸ்' என்று போன் செய்ய மாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள். இழவை இழவென்றே சொல்லுங்கள்.

இதோடு முடித்திருப்பேன்.

பால் தெளித்து, சாம்பல் கரைத்து எல்லாம் ஆன பிறகு அண்ணாமலை வந்து சேர்ந்தான். அம்மாவின் மடியில் வெகுநேரம் கிடந்தான். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் முன்னால் வரவில்லை. தோட்டத்துப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

அவன் வந்த இரண்டாம் நாள், நான் அங்கே இருந்தபோது அவன் போன் அடித்தது. எடுத்தான். ஒரு பெண் குரல். உரத்த, வெள்ளந்தியான குரல். எனக்கும் கேட்டது.

"அண்ணே, நாந்தான்... நீங்க சீட்டு குடுத்த பொண்ணு. அம்மா மொகத்தப் பாத்துட்டேண்ணே. தூக்கப்போற நேரத்துல போயிச் சேந்துட்டேன். ஒங்களாலதாண்ணே. அப்பா எப்படி இருக்காவ?"

அண்ணாமலை சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தான். பின்கதவில் பச்சையப்பன் வந்து நின்றார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நல்லா இருக்காரும்மா" என்றான் அண்ணாமலை. "வீட்டுக்குக் கூட்டினு வந்துட்டோம். நீ அழாத."

போனை வைத்துவிட்டு, "சித்தப்பா, உள்ள வாங்க... சாப்பிடலாம்" என்றான்.

நான் மேலே சொன்ன முடிவில் மாற்றமில்லை. ஆனால் அவன் அந்தப் பெண்ணிடம் சொன்னதைப் பொய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.