நான் மட்டும் எழுதிய தேர்வு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி செமஸ்டரில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் சென்னையில் உள்ள கல்லூரிக்குப் போய்வந்தேன். என் வகுப்புத் தோழி பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரணியிலிருந்து பஸ்ஸில் வந்து பொன்னேரியில் ஏறுவாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள்.

என் அண்ணனும் அதே பட்டம் வாங்கியவன்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். வீட்டில் அவன் புலம்புவதை நான் ரயிலில் அப்படியே ஒப்பிப்பேன்.

"இன்னா படிச்சாலும் கடைசியில கெமிக்கல் டிரம் உருட்டத்தான் போறோம்டி."

முதலில் அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதில்லை. செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டு எழுதுவதையும் நிறுத்திவிட்டாள். கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்முறைத் தேர்வு அன்று அவள் ரயிலில் ஏறவில்லை. போனையும் எடுக்கவில்லை. தேர்வு முடிந்து திரும்பும்போது பொன்னேரியில் இறங்கி, ஆரணிக்கு பஸ் பிடித்தேன். வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறேன். டிரம் உருட்டறதுக்கு எக்ஸாம் எதுக்கு?" என்றவள், அடுத்த துணியை உதறிக்கொண்டே, "நீ எழுதினியா?" என்றாள்.

"எழுதினேன்."

"எதுக்குடி?"

ரயிலில் அப்படிப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒழுங்காகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை கிடைக்காதோ என்ற பயம் எனக்கு. வாய்விட்டுச் சொன்னால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதைத் தட்டுத்தடுமாறி அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"கிளம்பு, பஸ்ஸு பூடும்" என்றாள்.

அடுத்த வருடம் தேர்வெழுதித் தேறினாள். என் ரெக்கார்டு நோட்டைக் கொடுத்தபோது, "நானே எழுதிக்கிறேன்" என்று வாங்க மறுத்துவிட்டாள். இப்போது நான் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அவளும் பக்கத்துத் தொழிற்சாலையில் அதே வேலைதான் பார்க்கிறாள், எனக்கு ஒரு வருடம் பின்னால். பார்த்தால் பேசிக்கொள்வோம், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

என் பயத்தை உலகம் தெரிந்தவள் மாதிரிப் பேசித் திரிந்தது நான், அதற்காக ஒரு வருடத்தை இழந்தது அவள் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.