ஐஸ்பழ நேர்த்தி

என் மாமிக்கு மாமாவில் இருந்த அன்பைப்போல ஒன்றை நான் அந்த வயதில் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் ஊரான சல்லியிலிருந்து திருகோணமலை டவுன் பள்ளிக்கூடங்களுக்கு எட்டுப் பிள்ளைகளைத் தன் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அவருடைய தொழில். எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. மருமகள் என்ற உரிமையில் முன் சீட்டின் ஓரத்தில், மாமாவை இடித்துக்கொண்டு எனக்கு மட்டும் இடம். காலையில் புறப்படும் நேரம் மாமி குசினி வேலையைப் போட்டுவிட்டுப் படலைக்கு ஓடிவருவார். ஓட்டோவுக்குள் குனிந்து, மாமாவின் முகத்துக்கு மிகக் கிட்டவாக வந்து, சட்டைக் கொலரைச் சரிசெய்துவிடுவார். மத்தியானம் எங்களைக் கூட்டிவரப் புறப்படும்போதும் இதே கதைதான் என்று அம்மா சொல்லுவார். எங்கள் அப்பாவின் கொலர் எந்தக் கோலத்தில் கிடந்தாலும் அம்மா திரும்பியும் பார்ப்பதில்லை. மாமா கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயதில் கண்ணோய் வந்தது. கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்துவிட, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வீட்டில் இருத்திவிட்டார்கள். அன்று மாமியும் வீட்டில் இல்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குக் கிளினிக்குக்குப் போயிருந்தார். அன்று பார்த்து, வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் மாமாவைத் தேடி ஒரு போத்தலோடு வந்து சேர்ந்தார்.

மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிவரப் புறப்பட்ட மாமா கடற்கரை வளைவைத் தாண்டவில்லை. றோட்டோரம் கட்டைகளில் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றில் ஓட்டோவைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். முன்கண்ணாடி தூளாகி, முன் சில்லு ஒரு பக்கமாகக் கோணி நின்றது. படகின் விலாவில் ஒரு ஆள் புகுந்து வரக்கூடிய ஓட்டை. அந்தப் படகுக்குக் கீழே மல்லாந்து படுத்து ஒட்டுவேலை செய்துகொண்டிருந்த படகுக்காரர், ஒரு நிமிஷத்துக்கு முன்னர்தான் தேத்தண்ணி குடிக்க எழுந்து போயிருந்தார். பாதி குடித்த கோப்பையோடு திரும்பி வந்தவர், தான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தபடி மணலிலேயே இருந்துவிட்டார்.

படகுக்காரர் ஏச வேண்டியதெல்லாம் பெரியப்பாதான் ஏசினார். பெரியப்பா அம்மாவின் அக்காவைக் கட்டியவர், அம்மன் கோவில் பரிபாலன சபைச் செயலாளர். வெற்றிலைகூடப் போடாத மனிதர். ஏசி முடித்ததும் அவருக்கு மச்சான் பாசம் வந்துவிட்டது.

"குடிச்சிருந்தால் இன்சூரன்ஸ் ஒரு சதமும் தராது. இவனை உள்ளுக்குக் கொண்டுபோங்கோ. நான்தான் ஓட்டோவை ஓடினனான் எண்டு சொல்லுறன்" என்றார். இருபது வருடங்களுக்கு முன் எடுத்த லைசென்ஸ் ஒன்று அவருடைய பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாமாவைப் பக்கத்து வேலிக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் மோட்டார்சைக்கிளில் கமராவோடு வந்து இறங்கினார். மரியாதையான ஆள். பெரியப்பா சொன்ன கதையை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். பிறகு, "ஐயா, படகில பட்ட இடத்தைப் படம் எடுக்கவேணும். ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பின்னுக்கு எடுங்கோ" என்றார்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி இருந்தார். அந்த ஓட்டோவை, சீட்டுக்குப் பக்கத்தில் கீழே இருக்கும் நீளக் கம்பியை மேலே இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். பெரியப்பா அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தொட்டார். ஹோர்ன் அடித்தது. வைப்பர் கம்பி, கண்ணாடி இல்லாத காற்றில் வீசி ஆடியது. கடைசியில் கியரைப் பிடித்து அவர் முறுக்கிய முறுக்கில் உள்ளே ஏதோ கறகறவென்று அழுதது.

வேலிக்குப் பின்னால் இருந்த மாமாவுக்கு அதைப் பொறுக்க ஏலாமல் போயிற்று.

"ஐயோ அத்தான், கியர்ப்பெட்டி போகப்போகுது! நியூட்ரலில போட்டிட்டுக் கம்பியை இழுங்கோ!" என்று கத்திக்கொண்டு வேலியைப் பிரித்து வந்தார். மாமா வர முன்னமே மணம் வந்துவிட்டது.

இன்சூரன்ஸ்காரர் பேனையை மூடினார். எழுதிய தாளை மடித்துப் பெரியப்பாவின் கையில் வைத்து, "நீங்கள் இதில இன்னும் கையெழுத்து வைக்கேல்லை ஐயா. வைச்சிருந்தால் உங்களுக்கும் ஒரு வழக்கு வந்திருக்கும்" என்றார். பெரியப்பா அந்தத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மடிக்குள் செருகிக்கொண்டார். அன்று முழுவதும் அவர் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொலிஸ் வந்தது. குழாய் பூட்டிய ஒரு பலூனை மாமாவிடம் கொடுத்து ஊதச் சொன்னார்கள். எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று முன்னால் போய் நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

மாமி பஸ்ஸால் இறங்கி ஓடிவந்தபோது மாமாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமி ஓட்டோவைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பிடித்து உலுக்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளையள் ஏறியிருந்ததுகளோ?"

"இல்லை. கூட்டிவரப் போகேக்கதான்."

மாமி குழந்தையோடு அப்படியே றோட்டில் இருந்து பெரிதாக அழுதார். ஓட்டோ உடைந்ததற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். மிஞ்சிய ஏழு பிள்ளைகளும் நெடுநேரம் காத்திருந்து, ஒருவழியாக பஸ் ஏறி, பசியும் கோபமுமாக வந்து சேர்ந்தார்கள்.

வழக்குக்கு முதல்நாள் மாமி என்னைக் கூட்டிக்கொண்டு முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போனார். நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், உதடுகள் மட்டும் அசைந்தன. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? மாமாவின் லைசென்ஸ் போகக்கூடாது, வேறென்ன? லைசென்ஸ் போனால் என் முன் சீட்டும் போய்விடும். ஆகவே நானும் என் பங்குக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். லைசென்ஸ் தப்பினால் ஒரு மாதம் ஐஸ்பழம் சாப்பிடமாட்டேன்.

தப்பவில்லை. தண்டப்பணத்தோடு ஒரு வருடத்துக்கு லைசென்ஸையும் நிறுத்திவைத்தார்கள். குடித்துவிட்டு ஓடியபடியால் எதுவும் தர முடியாது என்று இன்சூரன்ஸிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. மாமியின் காப்புகள்தான் ஓட்டோவுக்கு முன்கண்ணாடியும் சில்லுமாயின. படகுக்கு ஈடாக மாமா படகுக்காரரோடு கடலுக்குப் போய் வலை இழுத்தார். அம்மன் தன் வேலையைச் செய்யாதபடியால் நான் அன்றைக்கே இரண்டு ஐஸ்பழம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி பாற்குடம் எடுத்தார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அம்மன் ஒண்டும் செய்யேல்லையே மாமி, பிறகேன் பாற்குடம்?"

"செய்தவ பிள்ளை. நான் கேட்டது அப்பிடியே நடந்தது. நீ காலைப் பார்த்து நட."

காப்பில்லாத வெறும் கையோடு பாற்குடம் தூக்கிய மாமியின் முகத்தில், வழக்கில் வென்றவரைப்போல ஒரு நிம்மதி. மாமிக்குக் கணக்குத் தெரியாது என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

ஓட்டோவை ஓட, குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த ஒரு நானாவை மாமியே தேடிப் பிடித்தார். தொழுகையும் தானுமாக இருக்கும் மனிதர், வளைவுகளில் ஊர்ந்துதான் போவார். முன் சீட்டில் ஒருவரையும் ஏற்றமாட்டார். மாமி காலையில் படலைப் பக்கமே வருவதில்லை, குசினியில் பாட்டுக் கேட்டபடி அப்பம் சுடுவார். மாமா சட்டையின் கொலர் மடிந்தும் சுருண்டும் கடலுக்குப் போய்வந்தது. மாமி அதைத் தொடவேயில்லை.

அதுதான் எனக்குப் பெருங்கவலையாகப் போயிற்று. விபத்தில் காசு மட்டும் போகவில்லை, மாமிக்கு மாமாவில் இருந்த அன்பும் போய்விட்டது என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் கோவிலுக்குப் போய் மறுபடியும் ஐஸ்பழத்தையே வைத்தேன்.

வருடம் முடிந்து லைசென்ஸ் திரும்பி வந்தது. முதல்நாள் காலை மாமா ஓட்டோவை ஸ்டார்ட் செய்ய, நான் முன் சீட்டின் ஓரத்தில் ஏறி இருந்தேன். மாமி குசினியிலிருந்து ஓடிவந்தார். உள்ளே குனிந்தார். முன்பு போலவே முகத்துக்குக் கிட்டவாக நின்று கொலரைப் பிடித்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சிரித்தார்.

"போட்டு வாங்கோ" என்றார்.

அன்று புதுச் சட்டை, கொலர் நேராகத்தான் இருந்தது. ஓட்டோவில் ஏறும்போது எப்போதுமே நேராகத்தான் இருந்திருக்கிறது. மாமி குனிந்தது மாமாவின் மூச்சை மணந்து பார்க்க என்பது எனக்கு விளங்க இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மன் இந்தமுறை சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்பதுதான். நானும் காப்பாற்றினேன். நல்ல வெயில் காலம். ஒரு மாதம் முழுவதும் ஐஸ்பழவண்டி மணி கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.