துவக்கின் வலப்பக்கத்துப் பட்டன்

என் கணவர் குகதாசனின் தொழில், மற்றவர்களுடைய கதையை "நான்" என்று சொல்வது. இலண்டனில் அகதி நேர்காணல்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பதினாறு வருடங்களாகப் போய்வருகிறார். எதிரே இருப்பவர் "என்னை அடிச்சவங்கள்" என்றால், இவரும் ஆங்கிலத்தில் "என்னை அடித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். "அவரை அடித்தார்களாம்" என்றால் பிழை. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, அந்த ஆளை வெளியில் கண்டால் முகம் கொடுத்துப் பேசவும் கூடாது. இந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான மனிதர் நாங்கள் இருக்கும் செவன் கிங்ஸ் பகுதி முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டால் தலையை ஒரு மாதிரி ஆட்டுவார். அது ஓமோ இல்லையோ என்று இருபத்தாறு வருடமாக ஊகித்துத்தான் ஊற்றிக் கொடுக்கிறேன்.

பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். இவர் இதை வாசிக்கப் போவதில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் தமிழைச் சுமந்துவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகையைக் கண்டாலே அலுப்பு.

வால்தம்ஸ்டோவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒன்பது வருடம் நின்றார். அங்கே விற்காமல் மிஞ்சிய பேப்பர்களை வாசித்து வாசித்துத்தான் ஆங்கிலம் பழகினார். பிறகு சோதனை எழுதி இந்த வேலைக்கு வந்தார். மகன் அபிஷன் மருந்தாளராக இருக்கிறான். மகள் கௌசி இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் எங்களை, ஒரு குறையும் இல்லாத குடும்பம் என்பார்கள்.

குறை இல்லைத்தான். ஒரு பொய் மட்டும் இருக்கிறது. இவர் பத்தொன்பது வயதில் இயக்கத்துக்குப் போய், நாலு வருடம் துவக்கோடு சண்டை பிடித்தவர். தொண்ணூற்றெட்டில் இங்கே வந்தபோது, கூட்டிவந்த ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தபடி, தான் ஒரு சைக்கிள் கடையில் நின்றவன், இயக்கத்தோடு ஒரு தொடர்பும் இல்லை, இலங்கை ஆமி சும்மா பிடித்து அடித்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அடி உண்மை. சைக்கிள் கடை பொய். எங்கள் விசா, குடியுரிமை, இவருடைய வேலை எல்லாம் அந்தச் சைக்கிள் கடையின் மேல்தான் நிற்கின்றன. பொய் சொல்லி எடுத்த குடியுரிமையை எத்தனை வருடம் போனாலும் பறிக்கலாம் என்பதை, இவரே தன் வாயால் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது.

போன ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு வேலையால் வந்தவர் கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து இருந்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்காமலே பேசத் தொடங்கினார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். இந்த மனிதர் தானாகப் பேசினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அன்று நேர்காணலில் இருந்தவன் பெயர் சயந்தன். முப்பத்துமூன்று வயது. பதினேழு வயதில், சண்டையின் கடைசி மாதங்களில், இயக்கத்துக்காரர் அவனை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய்ப் பத்து நாள் பயிற்சி கொடுத்து முன்னுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் உண்மையில் பயிற்சி எடுத்தவனா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. எடுத்தவன், திரும்பிப் போனால் ஆபத்து என்று நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

நேர்காணல் செய்த அதிகாரி ஒரு இளம் பெண். மரியாதையான பிள்ளை, தண்ணீர் வேண்டுமா என்று மூன்று தரம் கேட்டாளாம். சயந்தன் தான் பிடித்தது அமெரிக்கத் துவக்கு என்று சொல்லியிருந்தான். ஒரு வெடி தீர்ந்ததும் அடுத்த ரவை தானாக உள்ளே ஏறும் வகை. அவள் அதன் படத்தை மேசையில் வைத்து, வலப்பக்கத்தில் பின்னுக்கு இருந்த சின்ன வட்டப் பட்டனைப் பேனையால் தொட்டுக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டாள்.

"அதைத் தொடக்கூடாது எண்டு சொன்னவை. தொட்டா முழங்காலிலை நிக்க வேணும். நான் ஒருக்காத் தொட்டு, அரை மணித்தியாலம் வெய்யிலுக்கை நிண்டனான்," என்றான் சயந்தன்.

இவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஒருமுறை தொட்டேன், நான் வெயிலில் நின்றேன் என்று.

"தண்டனையைக் கேட்கவில்லை. அது எதற்குப் பயன்படும் என்று கேட்டேன்."

"அது எங்களுக்குச் சொல்லித் தரேல்லை."

இவர் அதையும் சொன்னார். அவள் தாளில் ஏதோ எழுதினாள். என்ன எழுதியிருப்பாள் என்று இவருக்குத் தெரியும். அவளிடம் இருந்த தாளில் ஒரு விடை இருந்திருக்கும், அது இவனுடைய விடை இல்லை. ஆனால் சயந்தன் சொன்னதுதான் உண்மை என்பதும் இவருக்குத் தெரியும். இவருடைய முகாமிலும் அதே சட்டம், அதே முழங்கால். படம் பார்த்துப் பாடமாக்கியவன் பட்டனின் பயனைச் சொல்லியிருப்பான். உண்மையாகவே பயிற்சி எடுத்தவனுக்குத்தான் தண்டனை மட்டும் தெரிந்திருக்கும்.

இவர் கையை உயர்த்தினார். ஒரு சொல் விளங்கவில்லை என்றால் மட்டும் மொழிபெயர்ப்பாளர் இப்படிக் கேட்கலாம்.

"சொல்லுங்கள்," என்றாள் அவள்.

மேசையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தவருக்கு, அடுத்ததாக அவள் கேட்கப்போகும் கேள்வி முதலே கேட்டுவிட்டது: உங்களுக்கு இது எப்படித் தெரியும்?

"கடைசிப் பதில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா?" என்றார்.

சயந்தன் பயந்துபோனான். தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துச் சுருக்கிவிட்டான். "எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது," என்று இவரும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"என்ரை வாயாலை சொன்னனான் மலர், எனக்குத் தெரியாது எண்டு," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் நான் இவரிடம் துவக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "அந்தப் பட்டன் உண்மையிலை என்னத்துக்கப்பா?"

எழும்பிப் போய், அகப்பை கரண்டி போட்டுவைக்கும் குசினி லாச்சியை இழுத்தார். அகப்பை ஒன்று குறுக்கே கிடந்தது. தள்ளினார், லாச்சி பாதியில் நின்றது. "மண், சேறு பட்டா ரவை முழுசா உள்ளை போகாது. இப்பிடித்தான் நிக்கும். அப்ப அந்தப் பட்டனை அடிச்சா உள்ளை தள்ளும்."

"அப்ப நல்ல சாமான்தானே? ஏன் தொடக்கூடாது?"

"சும்மா கொஞ்ச மண் எண்டால் நல்லது. சத்தம் போடாமல் மெல்லமாப் பூட்டவும் உதவும். ஆனா ரவை நெளிஞ்சிருந்தால்?" இடுப்பால் லாச்சியை ஒரு இடி இடித்தார். அகப்பை முறிந்தது, லாச்சி இறுகிவிட்டது. "இப்ப உள்ளையும் இல்லை, வெளியையும் இல்லை. முதலே பின்னுக்கு இழுத்து, கிடந்ததை வெளியிலை எறிஞ்சுபோட்டுப் புதுசு ஏத்தியிருக்க வேணும். அந்த நேரத்திலை நிண்டு யோசிக்க ஆராலையும் ஏலாது. பட்டன் இருந்தால் கை தானாப் போகும். அதாலைதான் தொடவே விடுறேல்லை."

"அப்ப அது இருக்கிறது நல்லதோ, இல்லாதது நல்லதோ?" விடாக்கண்டி நான், கேட்டேன்.

"எனக்கு இல்லாட்டி நல்லாயிருந்திருக்கும்," என்றார். தொண்ணூற்றைந்தில் ஒரு நாள் சண்டையில் இவர் அதை இரண்டு தரம் அடித்தாராம். துவக்கு இறுகிப்போனது. இவரை மறைத்துக்கொண்டு தனியாகச் சுட்டவன் பிரதாபன். அவன் திரும்பி வரவில்லை. பிரதாபன் என்ற பெயரை அன்றைக்குத்தான் நான் முதல் தரம் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலம் இவர் ஒரு பிணத்தோடு எங்கள் வீட்டில் குடியிருந்திருக்கிறார், எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு அழுகை வந்தது. மீனைக் கழுவி உறைபெட்டிக்குள் வைத்துவிட்டு, அன்றைக்குப் பாணும் சம்பலும்தான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மனோர் பார்க் முருகன் கோயிலில் மதியப் பூசை முடிந்து வெளிக்கிடும்போது, செருப்பு வைக்கும் இடத்தில் ஒருவன் "அண்ணை" என்று வந்து நின்றான். ஒல்லி. கழுத்துவரை சிப் இழுத்த ஜாக்கெட். இவருடைய முகத்தைப் பார்த்தே சயந்தன் என்று எனக்கு விளங்கிவிட்டது. இவர் விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"நிராகரிச்சிட்டாங்கள் அண்ணை. துவக்கின்ரை முக்கியமான பகுதி ஒண்டு எதுக்கெண்டு தெரியாதவன் பயிற்சி எடுத்தவன் எண்டதை நம்பேலாதாம். லோயர் சொல்லுறா, அப்பீலுக்கு ஒரு ஆள் வேணுமாம். அந்தப் பட்டனைத் தொட விடுறேல்லை எண்டு, பயிற்சி எடுத்த ஒருத்தர் ஒரு கடிதம் தந்தாப் போதுமாம். என்னோடை நிண்ட ஒருத்தரும் உயிரோடை இல்லை. நீங்கள் எத்தினை பேரைக் காணுறனீங்கள், ஆரும் இருக்கினமோ அண்ணை?"

"தேடிப் பாக்கிறன் தம்பி," என்றார் இவர்.

அடுத்த நாள் காலை, மேசையில் இருந்து இரண்டு பக்கம் எழுதி என் முன்னால் வைத்தார். சொந்தப் பெயர், இயக்கப் பெயர், முகாம், வருடம், பட்டன், முழங்கால், பிரதாபன். எல்லாம் அதில் இருந்தன. பத்து வார்த்தை பேசாத மனிதர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். எவ்வளவு வடிவான கையெழுத்து என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதை நான் கிழிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பிள்ளையளிட்டை முதல் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு அனுப்புங்கோ," என்றேன். இவரால் அது ஏலாது என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இவரைப் பூட்டிவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வார விடுமுறையில் அபிஷன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். கௌசி தன் விண்ணப்பங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். இவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு கடிதத்தை மடித்துக் கோட்டின் உள்பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு மூன்று வெள்ளி சயந்தன் கேட்டான். மூன்று வெள்ளியும் இவர் "தேடுறன் தம்பி" என்றார். கோயிலுக்குப் போகாமல் விடுவோம் என்று நான் சொன்னால், பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். எண்பத்தாறாம் இலக்கப் பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம் அவருடைய கை அந்தக் கடிதத்தின் மேல்தான் இருக்கும்.

போன வெள்ளி அன்னதான மண்டபத்தில் அவன் எங்களுக்கு எதிரே வந்து இருந்தான். அடுத்த புதன்கிழமை அப்பீல்.

"ஒரு ஆளைக் கண்டுபிடிச்சனான் தம்பி," என்றார் இவர். "அவருக்கு எல்லாம் தெரியும். நீர் சொன்னது சரியெண்டும் தெரியும். ஆனா இஞ்சை வரேக்கை அவர் வேறை மாதிரி எழுதிக் குடுத்தவர். இப்ப உண்மையைச் சொன்னா அவருக்குக் குடியுரிமை போகும். பயப்பிடுறார்."

சயந்தன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவனுடைய கப்பில் தண்ணீர் ஊற்றினேன்.

"பிள்ளையள் இருக்கினமோ அவருக்கு?" என்று கேட்டான்.

"ரெண்டு."

"அப்ப அவரை விடுங்கோ அண்ணை. என்னாலை இன்னொரு குடும்பம் மாட்டுப்பட வேண்டாம்." தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தான். "அவரைக் கண்டா, நான் கோவிக்கேல்லையெண்டு சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன்," என்றார் இவர்.