அட்டை பார்த்த அம்பயர்

அந்த அம்பயரின் பெயரைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. இருபத்தைந்து வயதிருக்கும் பெண். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் குனிந்து, காலுறையில் இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்.

இரத்தினபுரியில், பேஸ்போல் மாதிரியான சொஃப்ட்போல் போட்டி. றக்வானையிலிருந்து வந்த எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளி அணி ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பள்ளி அதிபர் சொல்லியிருந்தார். இன்னும் ஒருத்தி அவுட்டானால் எல்லாம் முடிந்தது.

எங்கள் பிள்ளை அடித்த பந்து தரையில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்த எதிரணிக்காரிமேல், ஓடிவந்த எங்கள் இன்னொரு பிள்ளை மோதினாள். பந்து நழுவியது. எங்களில் இரண்டு பேர் ஓடி முடித்துவிட்டார்கள். நாங்கள் குதித்தோம். அம்பயர் கையைத் தூக்கினார். மோதியவள் அவுட், ஓட்டங்கள் செல்லாது.

பயிற்சி கொடுத்த நான் ஓடிப்போய்ச் சிங்களத்தில் கெஞ்சினேன், வேண்டுமென்று மோதவில்லை என்று. அவர் தமிழில் சொன்னார்:

"கொழுந்துக் கூடையோட எதிர்ல வர்றவங்களுக்கு நாமதானே ஒதுங்கணும், டீச்சர்? பந்து எடுக்கிறவங்களுக்கும் அப்படித்தாங்க. தெரியாம மோதினாலும் அவுட்தான்."

நம்ம தோட்டத்து ஆள்! அவர் கையைப் பற்றிக்கொண்டேன். "நம்ம பிள்ளைங்க, தங்கச்சி. டீமையே கலைச்சிருவாங்க."

"தெரியுங்க டீச்சர். எங்க டீமையும் கலைச்சாங்க."

கையை அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. நான்தான் விட்டேன். உடனே அட்டை பார்க்கக் குனிந்தார். ஆட்டம் முடிந்திருந்தது. ஆனாலும் அவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.