தாடை வரைக்கும் தண்ணீர்

ஈயக் கண்ணாடிக்கு அப்பால் அவருடைய நெஞ்சு எழும்பி, அப்படியே நின்றுவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் கோபால்ட் மெஷினை இயக்கும் வேலையில் சேர்ந்து எனக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. உள்ளே படுத்திருந்தவர் தோணிரேவு என்ற ஏரிக்கரை ஊர் மீனவர், நுரையீரலில் கட்டி. எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நிமிடம் தாண்டியும் நெஞ்சு இறங்கவில்லை. பிறகு பெரிதாக மூச்சு வாங்கினார். மார்பில் மையால் போட்டிருந்த குறி துள்ளி இடம்மாறியது. மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

"மூச்சை ஏன் நைனா அடக்கினீங்க?"

"நீதானே அசையாதனு சொன்ன? மூச்சு விட்டா அசையுமேப்பா."

தண்ணீரில் முங்கி வலைக்கம்பு நட்டுப் பழகியவர். அசையாதே என்றால் அவருக்கு அதுதான் அர்த்தம். நானும் அந்தப் பக்கம்தான், அனுப்பம்பட்டுக்காரன்; ஏரியில் கழுத்தளவு நீரில் நின்று இறாலைக் கையால் தடவிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். "தாடை வரைக்கும் தண்ணி நிக்கும்போது எப்படி விடுவீங்களோ, அப்படி விடுங்க," என்றேன். சிரித்தார். மறுநாள் முதல், வாயில் நீர் புகாத அளவுக்குச் சின்னச் சின்ன மூச்சு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற நோயாளிகளிடமெல்லாம் அவரைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

நான்காம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஏரியில் காற்று அடங்கிக் கிடந்தது. தட்டு நிறைய இறால் வைத்த அவர் மனைவி, அவருக்குக் கேட்காதபடி, "நாலு நாளா படுக்கவே மாட்றாருப்பா. உக்காந்துனே தூங்கறாரு. இன்னானு டாக்டராண்ட கேளேன்," என்றார். "வெயில் காலம்தானேம்மா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என்மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

திங்கட்கிழமை மார்பிலிருந்த மைக்குறி அசையவே இல்லை. "பிரமாதம் நைனா, இன்னிக்குத்தான் ரொம்ப நல்லா விட்டீங்க," என்றேன். எழுந்து உட்கார என் தோளைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்லப்பா. அவ்ளோதான் வருது."

டாக்டர் வந்து பார்த்தபோது, நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது; அவரால் படுக்க முடியாமல் போனது அதனால்தான். ஊசி வைத்து எடுத்தார்கள். வியாழக்கிழமை போய்விட்டார்.

இப்போதெல்லாம் நோயாளியின் மூச்சு திரையில் கோடாக ஓடுகிறதாம். அதைப் பார்த்துக் கதிர் தானே நிற்கிறது, தானே தொடங்குகிறது. எங்களுக்குக் கண்தான் இருந்தது. ஓய்வு பெறும்வரை, எவரைப் படுக்க வைத்தாலும் முதலில், "ஒரு தடவ பெருசா இழுத்து விடுங்க," என்று சொல்லி, நெஞ்சு எவ்வளவு எழுகிறது என்று பார்த்துவிடுவேன். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நான்கு வாரம் இருந்தது.