இல்லாத சரணத்தைப் பாராட்டியவர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை மருந்துக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. நம் பாட்டுக் குழுவில் அட்மின் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு, 'நம் குழு உறுப்பினர் காஞ்சிபுரம் குணவதி மாரடைப்பால் காலமானார்' என்று எழுதியிருந்தார். நான் உள்ளே போய் உட்கார்வதற்குள் பத்துப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றார் ஒருவர். அதையே நகலெடுத்து இன்னும் நாலு பேர் ஒட்டினார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் 'அருமை' என்று போட்டுவிட்டு அவசரமாக அழித்தார். நான் பார்த்துவிட்டேன். யாரென்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

இந்த நினைவுக் குறிப்பை எழுதச் சொன்னதும் அட்மின்தான். "நீங்க அதே ஊரு, நல்லா பாசிட்டிவா நாலு வார்த்தை எழுதுங்க சார்" என்றார். பாசிட்டிவாக எழுத எனக்கு வரவில்லை. கோபம்தான் வருகிறது. உங்கள் மேலும், அதைவிட அதிகமாக என் மேலும்.

நம்மை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் யாரும் சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் இல்லை. வாத்தியார், டெய்லர், குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மருந்துக் கடைக்காரன் நான். மாதம் ஒரு தலைப்பு வரும். சொந்தமாக வரி எழுதி, மெட்டுப் போட்டு, போனிலேயே பாடிப் பதிவு செய்து குழுவில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு பத்து நாளுக்குள் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய பாட்டுக்கும் கருத்து எழுதியாக வேண்டும். எழுதாதவர் பாட்டு போட்டியில் சேராது. விதி நல்ல விதிதான். ஆனால் பதினெட்டுப் பாட்டுக்குப் பதினெட்டு 'சூப்பர்' போட இரண்டு நிமிடம் போதும் என்று நாம் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம்.

குணவதி அம்மாவுக்கு மட்டும் அந்தக் கண்டுபிடிப்பு பிடிபடவே இல்லை. மழை என்ற தலைப்பில் நான் போட்ட என் முதல் பாட்டுக்கு அவர் பதினோரு வரி எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிமிடமும் நொடியும் இருந்தன. 'நாற்பத்தெட்டாவது நொடியில் கண்ணே என்று வருகிறது. அதுவரை நீங்கள் யாருடனும் பேசவில்லையே, மழையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இந்தக் கண்ணே யார்? இடம் நிரப்பவா?' என்று ஒரு வரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினேழு பேர் சூப்பர் என்று சொன்ன பாட்டு அது. 'நீங்கள் முறையாகச் சங்கீதம் கற்றவரா?' என்று குத்தலாகக் கேட்டேன். 'இல்ல சார், கேக்கத் தெரியும்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அன்று மதியம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். என் மனைவி என்னவோ ஏதோ என்று பயந்துபோனாள்.

அவர் என் ஊர்க்காரர் என்பதே பிறகுதான் தெரிந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடையின் பின்கட்டில், நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையை விரித்துக் குறை பார்ப்பதுதான் அவர் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. எதிரே ஒரு நெசவாளர் முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாமா, ஒத்த இழை வுட்டதுக்கு இத்தினி பேச்சா?"

"ஒத்த இழைதான்பா, நான் இல்லன்னு சொல்லலியே. ஆனா முந்தியில உன் கை எவ்ளோ அழகா ஓடியிருக்குது பாரு. அத்த சொல்லாம வுட்டா அது எம்மேல தப்பு. இத்த சொல்லாம வுட்டாலும் எம்மேலதான் தப்பு."

அந்த ஆள் முறைத்துக்கொண்டேதான் போனார். ஆனால் போகும்போது முந்தியை ஒரு தடவை தானும் பார்த்துவிட்டுப் போனார். குழுவில் பார்த்த படத்தை வைத்து அடையாளம் கண்டு, நான் யாரென்று சொன்னதும் குணவதி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிரித்தார். "மழப் பாட்டு சாரா? கோச்சிக்கினீங்களா? முழுசா விரிச்சிப் பாக்காம ஒரு வார்த்த சொல்லக் கூடாது சார். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

என் பாட்டின் கடைசி வரி நன்றாக இருந்தது என்றும் அவர் எழுதியிருந்தாராம். பதினோராவது வரி. நான் ஆத்திரத்தில் அதுவரை படிக்கவே இல்லை.

அப்படிப்பட்டவரை நாம் என்ன செய்தோம்? 'மனசு உடைகிறது' என்று சிலர் அட்மினிடம் புலம்பினார்கள். அட்மின் ஓட்டெடுப்பு வைத்தார்: இனிமேல் குழுவில் பாராட்டு மட்டும், குறை சொல்ல வேண்டுமானால் தனியாக, அதுவும் கேட்டால் மட்டும். ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் சரி என்று தட்டினோம். நானும்தான். கடையில் கூட்டம், கை போகிற போக்கில் தட்டிவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அந்தப் பதினோரு வரி இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது, அதனால்தான் தட்டினேன். அதற்குப் பிறகு அவர் குழுவில் யாருக்கும் நிமிடமும் நொடியும் போட்டு எழுதவில்லை. 'கேட்டேன்' என்று மட்டும் போடுவார். கேட்டும் இருப்பார்.

மூன்று மாதம் முன்பு 'ஓசை' என்று தலைப்பு வந்தது. பிரஷர் மாத்திரை வாங்க என் கடைக்கு வந்த குணவதி அம்மா, மாத்திரையைப் பையில் போட்ட பிறகும் போகாமல் நின்றார்.

"சார், இந்தத் தடவ ஒரு பாட்டு போட்டுக்கினு இருக்கேன். வீட்டுக்காரரப் பத்தி. ஒரு எடத்துல ஏதோ ஒட்டல, எங்கன்னு எனக்கே தெரியல. நீங்க முழுசா கேட்டுட்டு சொல்லுங்க. சூப்பர்னு மட்டும் போட்டுடாதீங்க."

"கண்டிப்பா சொல்றேம்மா" என்றேன்.

ஊருக்கெல்லாம் நொடி நொடியாகக் காது கொடுத்தவர், தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். பாட்டு வந்த அன்று ஒரு நிமிடம் கேட்டேன். யாரோ மருந்துச் சீட்டை நீட்டினார்கள், நிறுத்தினேன். அப்புறம் கேட்கலாம் என்று பத்து நாளை ஓட்டினேன். கடைசி நாள், என் பாட்டு போட்டியிலிருந்து போய்விடுமே என்ற பயத்தில், 'இரண்டாவது சரணம் நெஞ்சைத் தொட்டது' என்று எழுதிப் போட்டேன். சூப்பர் என்று போடவில்லை, பாருங்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி வேறு. நீங்களும் குறைவைக்கவில்லை. 'முடிவு சிலிர்க்க வைத்தது' என்று ஒருவர் எழுதினார். பாட்டுக்கு மூன்றாம் பரிசும் கிடைத்தது. எல்லோருக்கும் அவர் 'நன்றி' என்று பதில் போட்டார். எனக்கு 'நன்றி சார்'.

செய்தி வந்த மூன்றாம் நாள் செவிலிமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் ஏழுமலை டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, திட்டுகிற தொனியே இல்லாமல் சொன்னார்.

"அவ தப்பான பதிவ ஏத்திட்டா சார். பாடிப் பாத்தது, பாதிப் பாட்டு. அன்னிக்கி சாயங்காலமே கண்டுபுடிச்சிட்டா. மாத்திடும்மான்னு சொன்னேன். இருங்க, யாராவுது சொல்றாங்களா பாக்கலாம்னா. பத்து நாளு போனையே பாத்துக்கினு இருந்தா. கடசீல நீங்க போட்டத எனக்குப் படிச்சிக் காமிச்சா. சிரிச்சா சார். அப்பறம் பரிசு குடுத்தாங்களா, அன்னிக்கித்தான் அழுதா."

அவர் எதிரிலேயே நம் குழுவில் இருக்கும் பதிவைத் திறந்தேன். முதல் சரணம் முடிகிற இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் குக்கர் விசில். "ஏங்க, எத்தினி விசில் வந்துது?" என்று குணவதி அம்மா கேட்கிறார். "மூணு" என்கிறது ஏழுமலையின் குரல். அவ்வளவுதான் பதிவு. நண்பர்களே, உங்களைச் சிலிர்க்க வைத்த முடிவு அது. என் நெஞ்சைத் தொட்ட இரண்டாவது சரணம் அதில் இல்லவே இல்லை. இரண்டு நிமிடம் தாண்டி ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தாலும் போதும், 'அம்மா, பதிவு மாறிவிட்டது' என்று சொல்லியிருப்பான். பதினெட்டுப் பேரில் ஒருவன் இல்லை. தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது, கண்ணாடி முன் நின்று.

ஏழுமலை மனைவியின் போனை எடுத்து, முழுப் பாட்டையும் போட்டார். பாட்டில் வரும் டிரைவர் தன் வீட்டு வீதியைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பார். ஒரு தடவை அடித்தால் சாப்பிட வருகிறேன் என்று அர்த்தம், இரண்டு தடவை என்றால் நேரமாகும், நீ சாப்பிடு. முதல் சரணம் அது. இரண்டாவது சரணத்தில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டில்தான் இருக்கிறார். அதே பஸ் அதே வீதியில் போகிறது. 'யாரோ ஓட்டிப் போறாங்க, எனக்கு யாரும் அடிக்கல' என்று குணவதி அம்மா பாடுகிறார். அந்த வரியில் ஏழுமலை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

பாட்டு முடிந்ததும், "எப்டி சார் இருக்குது?" என்று கேட்டார். என் வாயில் 'சூப்பர்' வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில், அந்த மனிதர் முன்னால், அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றேன். மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. "மூணு நிமிஷம் பத்து நொடியில 'அன்பே'ன்னு வருதே, உங்கள அப்படிக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அய்ய, ஒரு நாளும் இல்ல சார்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அந்த எடந்தான் சார். அதத்தான் ஒட்டல, ஒட்டலன்னு சொல்லிக்கினே இருந்தா" என்றார்.

அந்த முழுப் பாட்டைப் போட்டு நினைவுப் போட்டி நடத்தலாம் என்று அட்மின் கேட்கிறார். ஏழுமலை தரமாட்டார். நானும் தரச் சொல்லமாட்டேன். வேண்டுமென்பவர்கள் செவிலிமேட்டுக்கு பஸ் ஏறி வாருங்கள். அவர் எதிரில் உட்கார்ந்து நாலு நிமிடமும் கேளுங்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்.

குணவதி அம்மா எனக்கு எழுதிய பதினோரு வரிகளை வைத்திருக்கிறேன். இப்போது பதினோராவதையும் படித்துவிட்டேன். மூன்று மாதம் தாமதமாக, என்னிடம் கேட்டதற்கு என் பதில் இதுதான்:

குணவதி அம்மா, முழுதாகக் கேட்டேன். மூன்று நிமிடம் பத்து நொடி. 'அன்பே' வேண்டாம், அது இடம் நிரப்ப வந்தது. அங்கே வரவேண்டிய சொல்லை நீங்கள் தப்பாக ஏற்றிய பதிவில், குக்கர் விசிலுக்குப் பிறகு, சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். 'ஏங்க.'